ஒருவருக்கு நுங்கம்பாக்கம், ஒருவருக்குச் சோழிங்கநல்லூர்: சென்னையில் வீடு எங்கே பார்ப்பது?

மதுரையிலிருந்து ஜூன் மாதம் சென்னைக்குக் குடிபெயரும் உங்கள் குடும்பத்தின் நிலையை, நீங்கள் எழுதியபடியே, முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நுங்கம்பாக்கத்தில் மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றல். வாரம் ஐந்து நாளும் காலை ஒன்பதரை மணிக்குள் விரல்ரேகை பதிந்தாக வேண்டும். கணவருக்குச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் நேரில் போனால் போதும், போகும் நேரமும் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. ஆறு வயது மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். மூட்டுவலியுள்ள மாமியார் உடன் இருக்கிறார். வாடகைக்கு மாதம் 22,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறீர்கள். உறவினர் மேடவாக்கம் என்கிறார், தரகர் நாவலூர் என்கிறார், வாடகை குறைவு என்பதால் கூடுவாஞ்சேரியே நல்லது என்று அலுவலகத் தோழி சொல்கிறார். இந்த மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி.

மூன்றுமே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை ஒட்டிய நங்கநல்லூரை முதலில் பாருங்கள். அங்கே அமையாவிட்டால் குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள பகுதிகளைப் பாருங்கள். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். கணவரின் அலுவலகம் நாளை இடம் மாறினாலோ, உங்களுக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தாலோ, அதே காரணங்களை வைத்துக்கொண்டு நீங்களே மறுபடியும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்னையின் தென்பாதியில் வடக்கு தெற்காகப் போவது எளிது. கிழக்கு மேற்காகப் போவதுதான் பாடு. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டிலேயே மின்மயமான ரயில் பாதை, அதை ஒட்டிச் செல்லும், ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை, அதற்குக் கிழக்கே ஓ.எம்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பழைய மகாபலிபுரம் சாலை, இன்னும் கிழக்கே கடலோரமாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய எல்லாமே ஏறத்தாழ இணையாகத் தெற்கு நோக்கி ஓடுகின்றன. ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதில் வந்து வடியும் ஏரிகளும் கிடக்கின்றன. அதனால் இரண்டையும் குறுக்கே இணைக்கும் பெரிய சாலைகள் மிகச் சில: வேளச்சேரி, தரமணி வழியாக வருவது ஒன்று, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும், சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள 200 அடி ரேடியல் சாலை ஒன்று, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வருவது ஒன்று, வெகு தெற்கே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை ஒன்று. ஜி.எஸ்.டி. பக்கம் குடியிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் காலையில் இந்தச் சில சாலைகளில்தான் வந்து சேர வேண்டும்.

ஆகவே சென்னையில் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் பொய் சொல்லும். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் தொலைவு அதிகம். ஆனால் மின்சார ரயிலில் அதை முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம், அதுவும் நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில். மேடவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரைபடத்தில் அருகில் தெரியும். ஆனால் அங்கே ரயில் இல்லை. பேருந்திலோ இரு சக்கர வாகனத்திலோ வேளச்சேரி வழியாகக் கிண்டி வந்து ரயிலைப் பிடிக்க வேண்டும், அல்லது மேற்கே தாம்பரமோ பல்லாவரமோ போய் அங்கிருந்து திரும்பி வடக்கே வர வேண்டும். ஒரு நாள் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும், மறுநாள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். விரல்ரேகைக் கருவிக்கு முன்னால் நிற்க வேண்டியவருக்குச் சராசரி நேரத்தால் பயனில்லை. எந்த நாளிலும் இதற்கு மேல் போகாது என்று சொல்லக்கூடிய நேரம் வேண்டும். ரயில் அதைத் தரும், சாலை தராது.

இருவர் இரு திசைகளில் வேலைக்குப் போகும் வீடுகளில் வழக்கமாகச் செய்வது நடுவில் ஓர் இடத்தைப் பார்ப்பது. அது நியாயமாகத் தோன்றும், ஆனால் இருவருமே தினமும் இடர்ப்படும்படி முடியும். மேடவாக்கத்தை உங்கள் உறவினர் சொன்னதும் இந்த நடு என்ற எண்ணத்தில்தான் இருக்க வேண்டும். யாருடைய நேரம் வளையாதோ, யார் அதிக நாள் போகிறாரோ, அவருடைய பயணத்தை முதலில் உறுதிப்படுத்திவிட்டு, மற்றவருக்குத் தாங்கக்கூடிய வழி இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வரிசை. உங்கள் வீட்டில் வாரம் ஐந்து நாள், குறித்த நேரம் என்பது உங்களுடையது. கணவருக்கு மூன்று நாள், அதுவும் காலை ஏழரைக்கு முன்போ பத்து மணிக்குப் பிறகோ புறப்பட முடியும். சம்பளம் யாருக்கு அதிகம் என்பதை வைத்து இதை முடிவு செய்யும் வீடுகள் உண்டு. அதைச் சொல்வது என் வேலை இல்லை என்றாலும், பயணக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

நாவலூரைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. கணவருக்கு அலுவலகம் பக்கம், உங்களுக்கோ ஓ.எம்.ஆர். முழுவதையும் பேருந்தில் கடந்து, அந்தச் சாலை தொடங்கும் மத்திய கைலாஷ் சந்திப்புக்கு வந்து, அதன் பிறகும் நகருக்குள் போக வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் அந்தச் சாலையின் அகலம் பல இடங்களில் சுருங்கியிருப்பது தனிக்கதை. தரகர் நாவலூரைச் சொல்வதற்குக் காரணம், புதிய அடுக்குமாடிகளில் காலி வீடுகள் அங்கே நிறைய என்பதுதான்.

கூடுவாஞ்சேரி அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. நீங்கள் மட்டும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் அதை நானே சிபாரிசு செய்திருப்பேன்: செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயில் ஒன்றில் ஏறினால் நேராக நுங்கம்பாக்கம், வாடகையும் குறைவு. ஆனால் பல ரயில்கள் தாம்பரத்தோடு திரும்பிவிடுவதால், அதற்குத் தெற்கே ரயில்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கணவருக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கிழக்கே போய், பிறகு ஓ.எம்.ஆரில் வடக்கே ஏற வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு அது நெடிய பயணம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் ஜி.எஸ்.டி. சாலையின் அந்தப் பகுதி வாகனங்களால் அடைபட்டுப்போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நங்கநல்லூர். அதன் பெரிய நன்மை இரண்டு ரயில்கள். பழவந்தாங்கல் மின்சார ரயில் நிலையத்திலிருந்து பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று ஆறாவது நிறுத்தத்தில் இறங்கலாம். ரயிலுக்குள் சுமார் இருபது நிமிடம். ஜி.எஸ்.டி. சாலையில் நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வரும் நீலத் தடத்தில் அங்கே ஏறினால் ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம் வழியாக ஏ.ஜி.–டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு வரை நேராகப் போகலாம். இரண்டு வழிகள் இருப்பது ஏன் முக்கியம் என்றால், நுங்கம்பாக்கம் என்பது பரந்த பகுதி. நுங்கம்பாக்கம் ரயில் நிலையம் அதன் மேற்கு ஓரத்தில், லயோலா கல்லூரிக்கும் சூளைமேட்டுக்கும் அருகில் இருக்கிறது. உங்கள் அலுவலகம் வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கம் என்றால் ரயில் வசதி; ஹாடோஸ் சாலை, கல்லூரிச் சாலைப் பக்கம் என்றால் ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவோ பேருந்தோ பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையம் உங்களுக்கு அனுகூலமாக இருக்கலாம். மழைக்காலத்தில் மின்சார ரயில் தடைபட்டால் மெட்ரோ, மெட்ரோவில் கோளாறு என்றால் மின்சார ரயில் என்று கைவசம் ஒரு மாற்று எப்போதும் இருக்கும். தென்சென்னையில் இந்த வசதி உள்ள குடியிருப்புப் பகுதிகள் மிகக் குறைவு.

கட்டணத்தில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான், மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் மலிவு. மெட்ரோவில் தொலைவைப் பொறுத்து 10 முதல் 50 ரூபாய் வரை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான கடைசிக் கட்டத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் புறப்படும் ரயில், காலை எட்டு முதல் ஒன்பது மணிக்குள் பழவந்தாங்கல் வந்து சேரும்போது நிரம்பியிருக்கும். பெண்கள் பெட்டியிலும் நின்றுகொண்டுதான் போக வேண்டிவரும். இருபது நிமிடம் நிற்பது பெரிய காரியமில்லை என்று நான் நினைக்கிறேன். உட்கார்ந்துதான் போக வேண்டும் என்றால் ரயில் புறப்படும் தாம்பரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கணவருக்கு நங்கநல்லூரிலிருந்து கீழ்க்கட்டளை வந்து, ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் போய், ஓ.எம்.ஆரில் தெற்கே திரும்பிச் சோழிங்கநல்லூரை அடைவது ஒரு வழி. ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கீழ்க்கட்டளையிலிருந்து கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போவது இன்னொரு வழி. நெரிசல் இல்லாத வேளையில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் பயணம், காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே புறப்பட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நிறுவனத்தின் பேருந்தோ காரோ எந்த இடங்களில் ஆளேற்றுகிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள். ரேடியல் சாலையில் ஓர் ஏற்றுமிடம் இருந்துவிட்டால் அவருடைய பாடு பாதியாகக் குறையும். மாலையில் திரும்பி வருவது காலையை விட மோசமாக இருக்கும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். காலையில் ஆட்கள் ஏழு மணி முதல் பதினொரு மணி வரை பிரிந்து பிரிந்து போகிறார்கள். மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் எல்லோரும் சேர்ந்து கிளம்புகிறார்கள்.

வீடு பார்க்கும்போது உங்கள் காதில் அடிக்கடி விழப்போகும் சொல், “மெட்ரோ வரப்போகிறது” என்பது. உண்மைதான். இரண்டாம் கட்டத்தின் ஐந்தாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து கோயம்பேடு, ஆலந்தூர், பரங்கிமலை, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும்படிதான் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. பக்கத்துக்கும் ஓ.எம்.ஆர். பக்கத்துக்கும் நடுவே ஒரு ரயில் குறுக்கே ஓடும். அது ஓடத் தொடங்கினால் நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்தி எழுத வேண்டிவரும், மேடவாக்கமும் நல்ல தேர்வாகிவிடும். ஆனால் வாடகை வீட்டை இன்றைக்கு ஓடுகிற வண்டியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்: 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 2007இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் நிலம் கையகப்படுத்தும் சிக்கலால் அந்த ஐந்து கிலோமீட்டர் பத்தாண்டுகளுக்கும் மேல் இழுத்தடித்தது. வரப்போகும் ரயிலுக்காக வாடகை கூட்டிக் கேட்கும் வீட்டுக்காரரிடம், வந்த பிறகு கூட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். சொந்த வீடு வாங்குகிறவர்களின் கணக்கு வேறு. அவர்கள் பத்தாண்டு காத்திருக்கலாம்.

அடுத்தது மழை. மதுரைக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வீடு பார்க்க வரப்போகும் ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் எல்லாத் தெருக்களும் ஒன்றுபோலக் காய்ந்து கிடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் தெருக்களின் உண்மையான உயரம் தெரியும். 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாறு பெருகியபோது, முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் நீரில் நின்றன. இரண்டாவதன் காரணம் ஆறு அல்ல. சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பின் பெரும்பகுதி குப்பைக்கும் கட்டடங்களுக்கும் போய்விட்டது, வடியும் வாயும் குறுகியது. கடல் ஏற்றத்தில் இருக்கும் வேளையில் கனமழை பெய்தால் நீர் நின்றுவிடுகிறது. எஞ்சிய சதுப்பு 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

நங்கநல்லூர் இந்தப் பள்ளத்துக்கு வெளியே இருப்பதால் ஒப்பீட்டளவில் மேலானது. அதற்காக அங்கே எல்லாத் தெருவும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழக்கே மடிப்பாக்கத்தை நோக்கிப் போகப் போகத் தரை தாழ்கிறது. ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகும் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையிலும் கனமழையில் நீர் தேங்கும். ரேடியல் சாலையும் நாராயணபுரம் ஏரி அருகே பெருமழை நாட்களில் வாகனங்களைத் தடுத்துவிடும், அன்றைக்கு உங்கள் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம். வீட்டைக் காட்டுகிறவரிடம் வெள்ளம் வருமா என்று கேட்டால், வராது என்ற பதில்தான் கிடைக்கும். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் துணி தேய்ப்பவரிடமும் 2015இல் எதுவரை வந்தது, 2023இல் எதுவரை வந்தது என்று ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள், அல்லது முழங்காலை. சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீட்டு வாசல் சாலையை விடத் தாழ்ந்திருக்கிறதா, மின் மீட்டர் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பேச்சே தேவையில்லை. தெருவில் நீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மின்சாரம் போனால் மோட்டாரும் லிஃப்ட்டும் சேர்ந்தே போகும்.

மாமியாரின் மூட்டுவலி இந்த இடத்தில்தான் கணக்கில் வருகிறது. தரைத்தளம் அவருக்கு வசதி, மழைக்கு ஆபத்து. உங்கள் தொகைக்கு நங்கநல்லூரில் அமையக்கூடியவை பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத, இரண்டு மூன்று மாடிகள் கொண்ட பழைய குடியிருப்புகள்தாம். அப்படியானால் கைப்பிடியுள்ள, படிகள் செங்குத்தாக இல்லாத முதல் மாடியைத் தேடுங்கள். வாகனங்களுக்காகத் தரைத்தளத்தைத் தூண்களோடு விட்டுக் கட்டிய கட்டடமாக இருந்தால் முதல் மாடியே வாழும் தளமாக அமைந்துவிடும், வெள்ளக் கவலையும் குறையும். கோயில், காய்கறிக் கடை, மருந்துக் கடை, பகலில் பேச்சுத்துணை ஆகிய நான்கும் நடக்கும் தொலைவில் இருப்பதும் அவருக்கு முக்கியம். நங்கநல்லூரில் கோயில்களுக்குக் குறைவே இல்லை. நாவலூரின் பதினான்காவது மாடியில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அவர் பகல் முழுவதும் தனியாக இருப்பார்.

தண்ணீரும் கழிவுநீரும் அடுத்த கேள்வி. ஓ.எம்.ஆர். பகுதியின் பல அடுக்குமாடிகள் இன்னமும் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியபோது அங்கே லாரி கிடைப்பதே பாடாகிவிட்டது. நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலை 2024இல் வந்த பிறகு நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. மாநகராட்சி எல்லை இங்கே முக்கியம்: நாவலூரும் மேடவாக்கமும் சென்னை மாநகராட்சிக்கு வெளியே செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகளில் இருக்கின்றன, நங்கநல்லூர் மாநகராட்சியின் ஆலந்தூர் மண்டலத்தில் இருக்கிறது. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டி அங்கே பாதாளச் சாக்கடையைக் கொண்டுவந்தார்கள். நாட்டில் பலரும் எடுத்துக்காட்டாகப் பேசும் திட்டம் அது. மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, லாரிக்காகக் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வீட்டைப் பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், உப்பா இல்லையா என்பது தெரிந்துவிடும். குடிநீர் இணைப்பு இருக்கிறதா, தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைக் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, மத்திய அரசு ஊழியர் என்ற முறையில் உங்களுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் முதல் முன்னுரிமைப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவுக்குள்ளும் நீங்கள் கண்ட இடமாற்றங்களின் எண்ணிக்கை பார்க்கப்படும். மீனம்பாக்கத்தில் ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, நங்கநல்லூருக்கு அது பக்கம். முதல் வகுப்புக்கான விண்ணப்பம் வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் திறந்து மூடிவிடும் என்பதால், ஜூனில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து மாமியாரோ நீங்களோ நடந்து போய் விடக்கூடிய பள்ளியைப் பாருங்கள். பெயர்பெற்ற பள்ளிக்காக ஆறு வயதுக் குழந்தையை வேனில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பணக் கணக்கைப் பார்ப்போம். நங்கநல்லூரில் கொடுக்கும் அதே வாடகைக்குக் கூடுவாஞ்சேரியில் இதைவிடப் பெரிய வீடு கிடைக்கும், அல்லது மாதம் 5,000 ரூபாய் போல மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு உங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் போனால் மாதம் 22 வேலை நாளுக்கு 22 மணி நேரம். ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 227 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கணவரின் நேரத்தையும் பெட்ரோலையும் சேர்த்தால் மிச்சம் என்று நினைத்த தொகை கரைந்துவிடும். இந்த வகுத்தலை எந்த இரண்டு வீடுகளை ஒப்பிடும்போதும் செய்து பாருங்கள். ஒரு மணி நேரத்தின் விலையை நான் நிர்ணயிக்க முடியாது, மாலை ஏழரைக்கு மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வீட்டில் யார் இருப்பார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெசன்ட் நகர், கே.கே. நகர் போன்ற இடங்களில் உள்ள மத்திய அரசுக் குடியிருப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

குரோம்பேட்டையை இரண்டாவதாகச் சொன்னேன். ராதா நகர் முதலான பகுதிகள் ரயில் பாதைக்குக் கிழக்கே, தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. வாடகை நங்கநல்லூரை விடச் சற்றுக் குறையும், மின்சார ரயிலும் அதே தடம்தான். மெட்ரோ இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது பாதையின் எந்தப் பக்கம் வீடு என்பது: ஜி.எஸ்.டி. சாலையும் கடைத்தெருவும் மேற்கே, உங்கள் கணவர் போக வேண்டிய திசை கிழக்கே. மேற்குப் பக்கம் வீடு எடுத்தால் ஒவ்வொரு காலையும் ரயில் பாதையைக் கடப்பதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். தாம்பரத்துக்கும் இதே விதி பொருந்தும். மதுரைக்கு அடிக்கடி போய்வருவீர்கள் என்பதால் இன்னொரு வசதியையும் சொல்கிறேன்: வைகை, பாண்டியன் விரைவு ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும். நங்கநல்லூரோ குரோம்பேட்டையோ எதுவானாலும் பெட்டியோடு எழும்பூர் வரை போக வேண்டியதில்லை.

வீடு பார்க்க வரும்போது ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வேலை நாட்கள் விடுப்பு எடுத்து, காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடக்கத் தொடங்கி, நடைமேம்பாலம் ஏறி, ரயில் பிடித்து, அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். கணவர் அதே நாள் மாலை ஆறரைக்குச் சோழிங்கநல்லூர் சந்திப்பிலிருந்து வண்டியில் திரும்பி வரட்டும். கைப்பேசி வரைபடம் ஓடும் நேரத்தைச் சொல்லும், வண்டியை நிறுத்துவதையும் காத்திருப்பதையும் சொல்லாது. இரவு எட்டரைக்கு நிலையத்திலிருந்து வீடு வரையிலான தெருவில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கிறதா என்பதை நீங்களே நடந்து பார்ப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களில் உறுதியாக இருங்கள். ஆறு மாதம், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைதான் வரம்பு என்கிறது. அதைச் சொல்லிப் பேரம் பேசினால் முழுதும் குறையாவிட்டாலும் பாதி குறையும். அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இரண்டாவது, உங்கள் பகுதிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பது: இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குச் சேரும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு வைக்கும் விலைதான். மூன்றாவது, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடித்தம் என்பதைத் தொகையாகவே எழுதிவாங்குங்கள். பதினொரு மாதத்துக்கு மேல் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனைக்கு இந்த முறை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜூனில் குடியேறினால் ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டு, மகளின் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அதே பகுதியில் மேலான தெருவுக்கு மாறிக்கொள்ள அந்தக் கால அளவு சரியாக இருக்கும்.